பையோடு நிற்கும் பெரியப்பா

ரொம்ப நாள் படுத்திருந்து போனவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறீர்களா? அங்கே பேச்சு எப்போதும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

'கடைசியா என்ன சாப்பிட்டாங்க?', 'நினைவு இருந்துச்சா?', 'எத்தனை நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தீங்க?' என்று வரிசையாகக் கேட்பார்கள். கிளம்பும்போது, 'விடுங்க, அவங்களுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

யாரும் கெட்ட மனசோடு கேட்பதில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்கிறோம். ஆனால் அதே கேள்விக்கு அந்த வீட்டுக்காரர்கள் நாற்பது தடவை பதில் சொல்லியிருப்பார்கள். சொல்லிச் சொல்லி, கடைசி இருபது நாள் அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். அதற்கு முன்னால் அந்த மனிதர் வாழ்ந்த அறுபது, எழுபது வருடங்கள் அந்த இருபது நாளுக்குப் பின்னால் போய் மறைந்துகொள்ளும்.

எங்கள் பெரியப்பா விஷயத்தில் அப்படித்தான் ஆகத் தெரிந்தது.

முழு டிக்கெட், அரை டிக்கெட்

பெரியப்பா அரசு பஸ் கண்டக்டர். முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ். அதில் பாதிக்கு மேல் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி போகிற பஸ்ஸில்தான். என் அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் நானும் தம்பியும் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தோம். அவர் பிள்ளைகள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர், ஆச்சி, கல்யாணம் ஆகாத கடைசி அத்தை என்று எப்போதும் ஒன்பது தட்டு விழுகிற வீடு. மூத்த அத்தைமார் இரண்டு பேரைக் கரையேற்றிவிட்டு, 32 வயதில்தான் அவர் கல்யாணமே செய்துகொண்டார். அந்தக் காலத்துக்கு அது ரொம்பத் தாமதம்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் அவருக்கு லீவு கிடைக்காது. பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அப்படியும் எப்படியோ ஒரு நாள் ஓய்வு வாங்கி, எங்கள் எல்லோரையும் அருவிக்குக் கூட்டிப் போவார். கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலையை எண்ணுவார். 'முழு டிக்கெட் நாலு, அரை டிக்கெட் அஞ்சு, சரியா இருக்கு. போலாம் ரைட்!' என்பார். எங்களுக்கு அது விளையாட்டு. ஐந்து குழந்தைகளை அருவிக்கரைக் கூட்டத்தில் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்று நான் அம்மா ஆன பிறகுதான் புரிந்தது.

விரல்கள் அப்படி வேகம். எச்சில் தொடாமல் டிக்கெட் கிழிப்பார். அதற்கென்றே ஈர ஸ்பாஞ்ச் வைத்த ஒரு சின்ன டப்பா வைத்திருப்பார். சில்லறை இல்லாவிட்டால் மிச்சத்தை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்கும்போது அவரவர் கேட்டு வாங்க வேண்டும். இவர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார். 'வெத்தலைப் பெட்டிக்கார ஆச்சி, ஒங்களுக்கு ரெண்டு ரூவா' என்று அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். பெரியம்மா ஒருமுறை டைபாய்டில் படுத்தபோது, அதே விரல்களால் எங்கள் மூன்று பெண்களுக்கும் ரெட்டைச்சடை பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். கோணல் வகிடாக இருக்கும். ஆனால் சாயந்தரம் வரை அவிழாது.

சொதி மணக்கவில்லை

58 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா சொதி வைத்த நாளில், 'என்ன இன்னைக்கு ஒண்ணும் மணக்கவே இல்ல?' என்றார். சொதி கொதித்தால் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிற மனிதர். ஜலதோஷம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அதன்பின் கையெழுத்து சிறுத்தது. தினமும் வரவு செலவு எழுதுகிற சிட்டையில் முதல் வரி ஒழுங்காக இருக்கும். கீழே போகப் போக எழுத்து கடுகாகிக்கொண்டே போகும். பிறகு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போது உருட்டிக்கொண்டே இருந்தன. பெரியம்மா சிரித்தபடி, 'ரிட்டயர் ஆன பொறவும் டிக்கெட் கிழிக்காங்க பாரு' என்பார். 2010-ல் திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார். பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1817-ல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் அவர் பெயர். மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. உடம்பு அசைவுக்கு அது வேண்டும். கை நடுங்க ஆரம்பிக்கும்போது அந்தச் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். வாசனை தெரியாமல் போவதும் எழுத்து சிறுப்பதும் இந்த நோயின் அடையாளங்கள். வாசனை போவது நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வரலாம். ஜலதோஷத்தாலும் வாசனை போகும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், நரம்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. லீவோடோபா என்ற மாத்திரை பல வருடம் நடமாட வைக்கும். ஆனால் அதற்கு நேரம் முக்கியம். புரதச் சத்துள்ள சாப்பாடு அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுக்கச் சொன்னார்கள். பெரியம்மா போனில் ஒரு நாளைக்கு ஐந்து அலாரம். பன்னிரண்டு வருடம் அந்த வீடு அந்த ஐந்து மணியில்தான் ஓடியது.

கோலமாவுக் கோடு

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு புது சங்கடம் வந்தது. நடந்துகொண்டே இருப்பார், நிலைப்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், பாதம் நகராது. பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். இந்த நோயில் இது பலருக்கும் வரும்.

பிசியோதெரபி செய்கிறவர் ஒரு வழி சொன்னார். தரையில் குறுக்குக் கோடு இருந்தால், அதைத் தாண்ட வேண்டும் என்று மூளைக்கு வேறு பாதையில் ஞாபகம் வரும். தாளம் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாலும் கால் எழும். பெரியம்மா அன்றைக்கே அரிசிமாவைக் கரைத்து, ஒவ்வொரு நிலைப்படிக்கு முன்னாலும் மாக்கோலம் போடுவதுபோல் நாலு கோடு இழுத்தார். காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது. அழிய அழியப் போட்டார்.

சத்தத்துக்கு என்ன செய்வது? ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நாள் பேரன் விளையாட்டாக, 'போலாம் ரைட்!' என்று கத்தினான். கால் எழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் மருந்து. குளியலறைக்குப் போகும்போது, சாப்பிட வரும்போது, திண்ணைக்குப் போகும்போது, யாராவது ஒருவர் 'போலாம் ரைட்' சொல்வார்கள். கோட்டைத் தாண்டி வந்துவிடுவார்.

கடைசி மூன்று வருடம் கட்டில்தான். குரல் ரொம்ப இறங்கிவிட்டது. வாய் அருகில் காதை வைத்தால்தான் கேட்கும். முகத் தசைகள் இறுகி, கண் இமைப்பதும் குறைந்துவிட்டது. சந்தோஷமா, வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு 'முகமூடி முகம்' என்றே டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். விழுங்குவதும் சிரமமாகி, 2022 ஆவணியில் நிமோனியா வந்து, தன் வீட்டுக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். 75 வயது.

'அது பாவமாட்டி?'

காரியம் எல்லாம் ஆகி ஒரு வாரம் இருக்கும். ராத்திரி பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா மெதுவாகக் கேட்டார். 'ஏட்டி, நேத்து ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவ, காலைல ஆறு மணிக்குத்தான் முழிச்சேன். நடுவுல ஒரு தடவகூட எந்திரிக்கல. அது பாவமாட்டி?'

மூன்று வருடமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர். படுக்கைப்புண் ஒன்று வரவில்லை. அந்த உடம்பு எட்டு மணி நேரம் தூங்கியதற்குப் பாவமா என்று கேட்கிறார்.

நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, இழப்போடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வரும். அதைத் தொடர்ந்து 'நிம்மதி வரலாமா' என்ற குற்ற உணர்வும் வரும். இது எங்கள் பெரியம்மாவுக்கு மட்டும் வந்ததல்ல. துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர், இழப்பு நேர்வதற்கு முன்னாலேயே துக்கம் ஆரம்பித்துவிடுவது உண்டு என்று 1944-லேயே எழுதியிருக்கிறார். பெரியம்மா பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுதுகொண்டுதான் இருந்தார். அவர் குரல் போனபோது ஒருமுறை, நடை போனபோது ஒருமுறை, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நின்றபோது ஒருமுறை. ஊருக்கு ஒரு சாவுதான் தெரியும்.

'பாவம் இல்ல பெரியம்மா, தூங்குங்க' என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் அந்தப் போனில் ஐந்து அலாரமும் அடித்துக்கொண்டேதான் இருந்தன. நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் பெரியம்மா பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொள்வார்.

இந்தப் பக்கம் பேரன். ஒன்பது வயது. அவன் பிறக்கும்போதே தாத்தாவுக்கு நோய் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவன் என்னிடம் கேட்டான். 'அத்தை, தாத்தா எப்பவுமே கோவமாத்தான் இருப்பாங்களா? எங்கிட்ட ஒரு தடவகூட சிரிச்சதே இல்லையே.'

தாத்தா சிரித்துக்கொண்டுதான் இருந்தார், முகத்துக்கு அது வந்து சேரவில்லை என்று விளக்கினேன். தலையாட்டினான். ஆனால் அவனிடம் வேறு முகம் ஒன்று இல்லையே. எங்களுக்காவது ரெட்டைச்சடை பின்னிய பெரியப்பா இருக்கிறார். இவனுக்கு எதைக் கொடுப்பது?

பூக்கூடை ஆச்சி

பதினாறாம் நாள். சொந்தக்காரர்கள் கூடி, மறுபடி அதே கடைசி நாள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

'நான் காலைல மொத பஸ்ஸுல பூக்கூடை கொண்டாருவேன்யா. பேப்பர்ல படம் பாத்தேன்' என்றார். உட்கார வைத்தோம். அவரே ஆரம்பித்தார். 'மழைநாள்ல நான் வர ரெண்டு நிமிசம் பிந்தும். பஸ்ஸ எடுத்தா என் பொழப்பு போச்சு. ஒங்க ஐயா என்ன செய்வாங்க தெரியுமா? டிரைவர்கிட்ட, அண்ணாச்சி, பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்க மாதிரி இருக்கு, ஒரு எட்டு பாத்துக்கிடுங்கன்னு சொல்லுவாங்க. அவரும் எறங்கி சுத்தி வருவாரு. அதுக்குள்ள நான் ஏறிடுவேன். டிரைவருக்கும் தெரியும். மூணு வருசம் அந்த டயர்ல காத்துக் கம்மிதான்!'

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். பதினாறு நாளில் அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது.

அதன்பின் பேச்சே மாறிவிட்டது. ஒரு மாமா, சம்பள நாளில் முதலில் எல்லாப் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸையும் தனித்தனிக் கவரில் பிரித்து வைத்த பிறகே பெரியப்பா காபி குடிப்பார் என்றார். சின்ன அத்தை, தன் சீமந்தத்துக்கு டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு ஓடிவந்த கதையைச் சொன்னார். பேரன் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வேகத்தில்தான் அண்ணனுக்கு அக்காவின் கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. 2001-ல் எடுத்த கேசட். பரண் மேல் கிடந்ததை எடுத்து, தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பென்டிரைவில் மாற்றி வாங்கினோம். மூன்று மணி நேர வீடியோவில் பெரியப்பா குரல் வருவது ஒரே ஒரு இடம். பந்தி நடக்கிறது. தோளில் துண்டோடு குறுக்கே ஓடி வருகிறார். 'எல, அந்தக் கடைசி வரிசைக்கு அப்பளம் போகலடே! வயசான ஆளுவள மொதல்ல உக்கார வைங்க!' என்று கத்திவிட்டு, கேமராவைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே விலகிப் போகிறார். பதினோரு வினாடி.

பேரன் அதை ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தான். 'தாத்தா எவ்ளோ சத்தமா பேசுதாங்க!' என்றான். அவனுக்கு அந்தச் சிரிப்பைவிடக் குரல்தான் ஆச்சரியம்.

எந்த போட்டோ?

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கும் இதே நோய்தான். 1984-ல், 42 வயதில் கண்டுபிடித்தார்கள். 2016-ல் இறந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. ஆனாலும் அலி என்றதும் பட்டாம்பூச்சி மாதிரி வளையத்துக்குள் ஆடிய இளைஞனும் நம் கண்முன் வருகிறார். ஏனென்றால் அதையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டு மனிதர்களுக்கு யார் படம் எடுத்தார்கள்? செல்போன் கைக்கு வரும்போது அவர்கள் நோயாளி ஆகியிருந்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா படம் நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாமே கட்டிலில் சாய்ந்தபடி எடுத்தவை. முந்தைய 60 வருடத்துக்குத் தேடினால் ஒன்பது போட்டோதான் கிடைத்தன.

கூடத்தில் மாட்ட எதைப் பெரிதாக்குவது என்று பேச்சு வந்தது. அண்ணன், மணிவிழாவில் மாலையோடு எடுத்த படம்தான் மரியாதையாக இருக்கும் என்றான். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'அந்தப் பையோட நிக்காங்கல்லா, அதைப் போடு' என்றார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, விரலிடுக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள், பின்னால் பஸ். யாரோ டெப்போவில் எடுத்தது. சட்டைப் பையில் விசில் கயிறு தொங்குகிறது. இப்போது அதுதான் கூடத்தில் இருக்கிறது.

அலாரம்? நாற்பதாவது நாளுக்குப் பிறகு பெரியம்மாவே நான்கை நிறுத்தினார். காலை ஆறு மணி அலாரத்தை மட்டும் விட்டுவைத்தார். அது இப்போது அவருடைய பிரஷர் மாத்திரைக்கு. பன்னிரண்டு வருடம் தள்ளிப்போட்ட தன் கண் ஆபரேஷனையும் அந்தத் தையில் செய்துகொண்டார்.

இன்றே செய்ய முடிகிற நாலு வேலை

இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டில் இப்போதே ஒருவர் படுக்கையில் இருக்கலாம். உங்களுக்குச் சில வார்த்தைகள்.

குரல் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். பெரிய பேட்டி எல்லாம் வேண்டாம். 'உங்க முதல் சம்பளம் எவ்வளவு, அதுல என்ன வாங்கினீங்க?' என்று ஒரு கேள்வி போதும். போனை மேஜையில் வைத்துவிட்டுப் பேச விடுங்கள். பார்க்கின்சன், பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் போன்றவற்றில் பேச்சு முதலிலேயே குறையக்கூடும்.

பழைய கேசட், நெகட்டிவ், சிட்டை நோட்டு ஆகியவற்றைப் பரணிலிருந்து எடுத்துப் பாருங்கள். வீடியோ கேசட்டின் நாடா வருடம் ஆக ஆகக் கெட்டுப்போகும்.

பேரன், பேத்திகளுக்கு நோயைப் பற்றி உள்ளபடி சொல்லுங்கள். 'தாத்தாவுக்குக் கோவம் இல்லை, முகத் தசை இறுகியிருக்கு' என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். சொல்லாவிட்டால் அது தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்கிறவர் தனியாகச் சுமக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறொருவர் முறை எடுத்துக்கொண்டு, அவரைத் தூங்க விடுங்கள்.

துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பதை நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். நீங்கள் அவர் நன்றாக இருந்த காலத்தில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பஸ்ஸில் சில்லறை கொடுத்தது, பந்தியில் அப்பளம் கேட்டு வாங்கிப் போட்டது என்று எவ்வளவு சின்னதானாலும் சரி. தெரியாதவர் என்றால், 'நல்லா இருந்தப்போ எப்படி இருப்பாங்க?' என்று கேளுங்கள். அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்ல ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.